கட்டளையும் துணிவும்: றியர் அட்மிரல் ட்ரூபிறிட்ஜ்

ஓர் அதிகாரியின் கீழ்ப்படிவு எப்போது குற்றமாகின்றது? பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த றியர் அட்மிரல் ஏணெஸ்ற் ட்ரூபிறிட்ஜின் வாழ்வு இவ்வினாவை எழுப்புகின்றது.

1914 ஆகஸ்ட் 7 ஆம் திகதி அதிகாலை, ஜேர்மனியின் 'கோபென்' போர்க்கப்பலை வழிமறிக்க நான்கு கவசக் கப்பல்களுடன் விரைந்த அவர், இடைவழியில் அம்முயற்சியைக் கைவிட்டார். கோபெனின் பெரும் பீரங்கிகள் 11 அங்குலத்தன. அவருடையவற்றுள் மிகப் பெரியன 9.2 அங்குலத்தனவே. மேம்பட்ட படையுடன் பொருதலாகாது என்பது மேலிடத்துக் கட்டளையுமாகும். கோபென் ஆகஸ்ட் 10 இல் தார்தனெல்சை அடைந்தது. துருக்கி போரில் இறங்க அதுவும் ஒரு காரணமாயிற்று.

ட்ரூபிறிட்ஜ் விசாரணைக்கென நாட்டுக்கு அழைக்கப்பட்டார். அக்கதி தமக்கும் நேரலாகாதெனக் கருதிய றியர் அட்மிரல் கிறடொக், நவம்பர் 1 இல் சிலி நாட்டின் கொறொனெல் கரைக்கப்பால் தம்மினும் வலிய ஜேர்மன் அணியைத் தாக்கி, இரு கப்பல்களோடும் ஏறத்தாழ 1,600 பேரோடும் மாண்டார். சில நாட்களில் ட்ரூபிறிட்ஜைக் கடற்படை நீதிமன்றம் விடுவித்தது; ஆயினும் கடலிற் கட்டளைப் பதவி அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை.

விலகியவர் பழிக்கப்பட்டார், மோதியவர் மாண்டார். இருவரையும் இக்கட்டில் நிறுத்திய தெளிவற்ற கட்டளைகளை வரைந்தோர் அவற்றுக்காகக் குற்றக்கூண்டில் ஏற்றப்படவில்லை.