கண்டியின் எல்லைக்கோடுகளும் வரிக்கணக்கும்

ஜனவரி கடைசி வாரத்தில் கண்டி மாநகர சபையின் சோலை வரிக் கருமபீடத்தில் கூட்டம் கூடும். 31ஆம் திகதிக்குள் ஆண்டு முழுவதற்குமான வரியைக் கட்டுவோருக்கு 10 சதவீதக் கழிவு உண்டு. காலாண்டுக்கு ஒரு தடவை கட்ட விரும்புவோர் அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். இரண்டையும் தவறவிட்டால் நிலுவை ஏறும், பிறகு பிடியாணைக் கட்டணமும் சேரும். சட்டப்படி வீட்டிலுள்ள அசையும் பொருட்களைக் கைப்பற்றும் அதிகாரம்கூடச் சபைக்கு இருக்கிறது. அதே நாட்களில் குண்டசாலையிலும் திகனவிலும் காணி காட்டும் தரகர்கள் வாங்க வருவோரிடம் சொல்வது ஒன்றுதான்: "இது முனிசிபல் எல்லைக்கு வெளியே, வரி குறைவு."

இந்தப் பேச்சை நம்பி இடம் பெயரலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கண்டி மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, கம்பளை, நாவலப்பிட்டி, கடுகண்ணாவை, வத்தேகம ஆகிய நான்கு நகர சபைகள், 17 பிரதேச சபைகள் இருக்கின்றன. கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ தென்னக்கும்புரப் பாலத்தடியிலோ சில நிமிடம் நடந்தாலே ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குள் போய்விடலாம். எல்லைக்கோட்டைக் கடந்ததும் ஒரு குடும்பத்தின் வரிச்சுமையில் எவ்வளவு மாறுகிறது, எவ்வளவு அப்படியே கூடவே வருகிறது?

கூடவே வருவதுதான் பெரும்பகுதி. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாசுக்குப் போகிறவர் மாநில வருமான வரியை முழுவதுமாக விட்டுவிட்டுப் போகலாம். இலங்கையில் அதற்கு வழியில்லை. வருமான வரியை விதிப்பதும் திரட்டுவதும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபாய்க்கு விலக்கு உண்டு. அதற்கு மேலுள்ள முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு படிப்படியாக ஏறி உச்சம் 36 சதவீதம். மாதம் இரண்டு இலட்சம் சம்பளம் வாங்கும் ஒருவர் ஆண்டுக்கு 36,000 ரூபாய் கட்டுகிறார். அவர் கட்டுக்கலையில் இருந்தாலும், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தாலும், அக்குறணையில் இருந்தாலும் தொகை ஒன்றே. 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக இருக்கும் பெறுமதிசேர் வரியும் அப்படித்தான். சம்பளத்தில் பிடிக்கப்படுவதும் கடைச் சிட்டையில் ஏறுவதும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை.

மாகாணங்கள் வெவ்வேறாக வரி விதித்த காலமும் ஒன்று இருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மொத்த, சில்லறை விற்பனையின் மீதான புரள்வு வரியை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. முத்திரைத் தீர்வை, மோட்டார் வாகன அனுமதிக் கட்டணம், பந்தய வரி ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. இவற்றில் கனமானது புரள்வு வரி. 2011 ஜனவரியில் அது ஒழிக்கப்பட்டு, மத்திய அரசு திரட்டிய தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் போயிற்று. 2019 டிசம்பரில் அந்த வரியும் நீக்கப்பட்டது. வாகன அனுமதிக் கட்டணம் இன்றும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாம். ஆனால் வீடு மாறும் முடிவை அது தீர்மானிக்காது. 2023 ஜனவரி முதல் புதிய இலக்கத் தகடுகளில் மாகாண எழுத்துகளே இல்லை.

எஞ்சுவது முத்திரைத் தீர்வையும் சோலை வரியும். காணி கைமாறும்போது முதல் ஓர் இலட்சம் ரூபாய்க்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம் என்பது நொத்தாரிசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் மனப்பாடமான கணக்கு. ஒரு கோடி ரூபாய்ப் பெறுமதியான வீட்டுக்கு 399,000 ரூபாய். மாகாணத்தின் பெயரில் திரட்டப்படும் இந்தப் பணம் பிறகு காணி அமைந்துள்ள உள்ளூராட்சிச் சபைக்குப் போய்ச் சேர வேண்டும். குண்டசாலைப் பக்கம் வீடுகள் பெருகும்போது அங்குள்ள பிரதேச சபையின் வருமானம் பெருகுவது இதனால்தான். வாங்குபவரின் பையிலிருந்து போவது என்னவோ நகரத்துக்குள்ளும் வெளியேயும் ஒரே வீதம்.

ஆகவே தரகர் சொல்லும் வித்தியாசம் முழுவதும் சோலை வரியில்தான் இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். நகரத்துக்குள் ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய், வரி வீதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 6,000. வெளியே அதே அளவு வீட்டுக்கு வருடாந்தப் பெறுமதி 30,000, வீதம் 8 சதவீதம் என்றால் 2,400. வித்தியாசம் ஆண்டுக்கு 3,600 ரூபாய், மாதத்துக்கு 300. குண்டசாலையிலிருந்து கண்டிக்கு வேலைநாட்களில் ஒருவர் மட்டும் பஸ்ஸில் வந்து போனாலே இந்த 300 ரூபாய் முதல் சில நாட்களில் கரைந்துவிடும். பிள்ளைகளின் பாடசாலைப் போக்குவரத்து இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது வீதத்தைவிட வருடாந்தப் பெறுமதி. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடே அது. விலைமதிப்பீட்டுத் திணைக்களம் வந்து அளந்து போட்டுக் கொடுக்கும் தொகை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது நியதி. அது தள்ளிப்போகும் சபைகளில் வரி மலிவாகத் தெரிவதற்குக் காரணம் மதிப்பீடு பழையது என்பதே. அங்கே குறைந்த வரியை நம்பிக் காணி வாங்கியவர், அடுத்த மதிப்பீடு நடக்கும் ஆண்டில் ஒரே தடவையாகப் பெரிய ஏற்றத்தைச் சந்திப்பார். வரி வீதம் ஓர் எண் என்றால், மதிப்பீடு எந்த ஆண்டுக்குரியது என்பது இன்னோர் எண். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத ஒப்பீடு ஒப்பீடே ஆகாது.

பிரதேச சபைப் பகுதிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே சோலை வரி அறவிடலாம். அதனால் ஒரே சபைக்குள், ஒரே வீதியில்கூட, ஒரு பக்கம் வரி கட்டும், மறுபக்கம் கட்டாது. இன்று கட்டாத பக்கம் நாளைக்குப் பிரகடனத்துக்குள் வரலாம். வீடுகள் பெருகும் திசை எதுவோ, பிரகடனமும் அந்தத் திசையில்தான் நகரும்.

இடத்தைப் பொறுத்து வரி மாறுவது கண்டிக்குப் புதிதல்ல. 1817-18 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனத்தில் பிரித்தானிய ஆட்சி கண்டிய மாகாணங்களின் நெல்வயல்களுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக விதித்தது. விசுவாசமாக இருந்ததாக அரசு கருதிய பகுதிகளுக்குப் பதினான்கில் ஒரு பங்கு. வரியைத் தண்டனையாகவும் வெகுமதியாகவும் பிரதேசவாரியாகப் பங்கிட்ட இந்த ஏற்பாடு வயலோடு ஒட்டியிருந்தது. விவசாயி இடம் பெயர்ந்து அதிலிருந்து தப்ப வேண்டுமென்றால் வயலையே விட்டுவிட வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பிறகு வந்தது வேறு வகை. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. இது ஆளைப் பற்றிய வரி. அவர் எங்கே போனாலும் கூடவே போகும். அந்த ஜூலையில் மக்கள் கண்டிக் கச்சேரி முன்னால் திரண்டதற்கும், அம்மாதமே மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கும் இந்த வரியோடு துப்பாக்கி, நாய், கடை மீதான புதிய வரிகளும் காரணம்.

மண்ணோடு ஒட்டிய வரி, ஆளோடு நடக்கும் வரி என்ற இந்த வேறுபாடு இன்றைக்கும் வழிகாட்டும். வருமான வரியும் பெறுமதிசேர் வரியும் ஆளோடு நடப்பவை, நாட்டுக்குள் எங்கு போனாலும் தப்ப முடியாது. சோலை வரி மண்ணோடு ஒட்டியது, தப்பலாம். ஆனால் தப்புவதற்கு ஒரு விலை உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் வாலஸ் ஓட்ஸ் 1969இல் நியூ ஜேர்சியின் 53 நகராட்சிகளை ஆராய்ந்து, சொத்து வரி கூடிய ஊர்களில் வீட்டு விலை அதற்கேற்பக் குறைகிறது என்றும், பாடசாலைச் செலவு கூடிய ஊர்களில் விலை ஏறுகிறது என்றும் காட்டினார். இதைக் கண்டிக்குப் பொருத்தினால், எல்லைக்கு வெளியே வரி குறைவு என்ற நன்மையை வாங்குபவர் அனுபவிப்பதற்கு முன்பே, விற்பவர் ஒரு பேர்ச்சின் விலையில் அதைச் சேர்த்து வாங்கிவிட்டிருப்பார். "வரி குறைவு" என்ற தரகரின் சொல்லே அந்த விலையை உயர்த்தும் கருவி.

தொரொன்டோவுக்குப் போன யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இந்தப் பாடத்தை வேறு வடிவில் படித்திருக்கின்றன. 2008 பெப்ரவரி முதல் தொரொன்டோ நகரம், ஒன்ராறியோ மாகாணத்தின் காணி மாற்ற வரிக்கு மேல் தன் சொந்தக் காணி மாற்ற வரியையும் விதிக்கிறது. மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ வீடு வாங்கினால் அந்த இரண்டாவது வரி இல்லை. ஆனால் ஏஜாக்ஸின் ஆண்டுச் சொத்து வரி வீதம் தொரொன்டோவைவிடக் கூடியது. வாங்கும் அன்று மிச்சம் பிடித்ததை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்ட நேரிடும். எத்தனை ஆண்டு அங்கே வாழப் போகிறோம் என்று தெரியாமல் எது இலாபம் என்று சொல்ல முடியாது.

வரியின் மறுபக்கம் சேவை. கண்டி மாநகர சபைக்குச் சொந்த நீர் வழங்கல் இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியில் கன்னொறுவையில் எழுந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நகரத்துக்காக அமைந்தது. வெளியே மலிவாக வாங்கியவர் மலக்குழியைத் தன் செலவில் வெட்ட வேண்டும், நிரம்பினால் பவுசருக்கும் தன் செலவில் சொல்ல வேண்டும். அதிகாலையில் நகரத்தைக் கூட்டி, குப்பையை அள்ளி, கொஹாகொட மேட்டுக்கு அனுப்பும் தொழிலாளர்களில் மிகப் பலர் மகய்யாவ நெருக்கடிக் குடியிருப்பில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள். நகரத்துக்கு வெளியே வரி கட்டிவிட்டு நகரத்துக்குள் நாள் முழுவதும் வேலை பார்க்கும், படிக்கும், கடைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் விட்டுச் செல்லும் குப்பையையும் அவர்களே அள்ளுகிறார்கள். அந்தச் செலவில் பங்கு கேட்கும் வழி எதுவும் மாநகர சபைக்கு இல்லை. அந்தத் தொழிலாளர்களுக்கு நல்ல வீடு கட்டிக் கொடுக்கும் பொறுப்பை எல்லைக்கு வெளியே வாழ்வோரும் பகிர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இன்னும் கசப்பான எடுத்துக்காட்டு தோட்டங்கள். கலஹா, தெல்தோட்டை, பன்விலை, புசல்லாவைப் பக்கங்களில் லயன்களில் வாழ்வோருக்குச் சொந்தக் காணி இல்லை, ஆகவே சோலை வரிக் கடிதமும் வராது. மேலோட்டமாகப் பார்த்தால் மாவட்டத்திலேயே உள்ளூர் வரிச்சுமை மிகக் குறைந்தவர்கள் அவர்கள்தான். அதே பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அவர்கள் வாக்களித்துச் சபைக்கு அனுப்பிய உறுப்பினரால் அவர்களின் லயத்துப் பாதைக்குக் கல் போட முடியவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சுமை குறைந்த இடமே நல்ல இடம் என்ற கணக்கைத் தோட்டத்து மக்களின் முப்பதாண்டு அனுபவம் முழுவதுமாக மறுக்கிறது.

ஊரை மாற்றுவதன் மூலம் மக்கள் தங்களுக்குப் பிடித்த வரியையும் சேவையையும் தேர்ந்துகொள்கிறார்கள் என்று 1956இல் சார்ள்ஸ் டீபோ எழுதினார். அந்தக் கோட்பாடு நிற்க வேண்டுமானால் மக்களுக்கு இடம் பெயரும் வசதியும், ஊர்களைப் பற்றிய முழுத் தகவலும் இருக்க வேண்டும். கண்டியில் இரண்டுமே அரிது. பரம்பரைக் காணி, பாடசாலை அனுமதிக்கான வதிவிடச் சான்று, கோவில், பள்ளிவாசல், உறவு ஆகியவை ஒருவரை ஓரிடத்தில் நிறுத்துகின்றன. தகவலோ சபைகளின் கோப்புகளுக்குள் கிடக்கிறது. வாக்கு என்ற மற்ற வழியும் நெடுநாள் அடைபட்டிருந்தது. உள்ளூராட்சிச் சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் இன்றி இயங்கின. முத்திரைத் தீர்வைக்குச் சட்டம் செய்யும் மத்திய மாகாண சபையின் காலம் 2018இலேயே முடிந்தது. அதன் பிறகு மாகாணத்தில் ஆளுநர் நிர்வாகமே.

இந்த நிலையில் ஒப்பீட்டுக்கு வழிசெய்யும் கடமை சபைகளுடையது. கண்டி மாவட்டத்தின் 22 சபைகளும் தங்கள் வரி வீதம், கடைசி மதிப்பீட்டு ஆண்டு, பிரகடனப்படுத்திய பகுதிகள், ஒரு வீட்டுக்குச் சராசரியாகச் செலவிடும் தொகை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் ஒரே அட்டவணையாக வெளியிட வேண்டும். மாகாண உள்ளூராட்சித் திணைக்களம் ஒரு சுற்றறிக்கையால் இதைத் தொடங்கிவைக்கலாம். அதுவரை காணி வாங்கப் போகிறவர் முற்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் கடைசி ஆண்டின் சோலை வரிக் கடிதத்தையும் நிலுவையில்லை என்ற சான்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு சபைக்கே போய், அடுத்த மதிப்பீடு எப்போது என்று கருமபீடத்தில் கேட்க வேண்டும்.