ஆகாயத்தில் திரை: உட்கார்ந்திருக்கும் உடலின் வரலாறு

சினிமா பற்றிய நம் எழுத்துகளில் கொட்டகை உண்டு, டூரிங் டாக்கீஸ் உண்டு, வீட்டுக்குள் வந்த தொலைக்காட்சியும் உண்டு. விமானத்தில் ஓடுகிற படத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. காசுள்ளவன் பொழுதுபோக்கு, அதில் என்ன அரசியல் என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது. ஆனால் படம் பிடிக்கவில்லையென்றால் எழுந்து வெளியே போகிற உரிமை தரை டிக்கெட்காரனுக்குக்கூட உண்டு. விமானத்தில் கிடையாது. அங்கே திரை எதற்கு வந்தது என்று கேட்பதும், மனித உடல்களைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்பதும் ஒரே கேள்விதான்.

ரயில் காலத்தில் இதே கேள்விக்குப் புத்தகம் பதிலாக வந்தது. 1848இல் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் கடை போட்டது. நம் பக்கத்து ஸ்டேஷன்களில் ஹிக்கின்பாதம்ஸ். எதிரே உட்கார்ந்திருக்கும் அந்நியனின் முகத்திலிருந்து தப்பிக்க ஒரு நாவல். ஆனாலும் ரயிலில் ஜன்னல் இருந்தது, வயலும் ஊரும் ஓடிக்கொண்டிருந்தன.

விமானத்திலோ ஜன்னலின் இடத்தைப் படம் ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டது. 1921 ஆகஸ்டில் சிகாகோவில் ஒரு பொருட்காட்சி. ஏரோமரைன் நிறுவனத்தின் பறக்கும் படகில் ஏறிய பயணிகளுக்குக் காட்டியது 'ஹவ்டி சிகாகோ' என்ற விளம்பரப் படம். கீழே நிஜ சிகாகோ கிடக்கிறது, மேலே அதே ஊரின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்! 1925இல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் தன் விமானமொன்றில் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' என்ற மௌனப் படத்தைக் காட்டியது. தென்னமெரிக்கப் பீடபூமிக்குப் போகும் வெள்ளையர்கள் அங்கிருந்து ஒரு ராட்சத விலங்கைப் பிடித்து லண்டனுக்குக் கொண்டுவருகிற கதை. காலனிகளை வான்வழியாகக் கோக்கப் பிறந்த கம்பெனி வேறு எந்தக் கதையைக் காட்டியிருக்கும்? இரண்டுமே வேடிக்கைதான், தொழிலாக அப்போது நிலைக்கவில்லை.

தொழிலானது ஜெட் வந்த பிறகு. 1958இல் போயிங் 707 சேவைக்கு வந்ததும் விமானம் மேகத்துக்கு மேலே ஏறிவிட்டது. கீழே பார்க்க ஒன்றுமில்லை, ஆட்டமும் குறைந்துபோச்சு, மிச்சமிருந்தது அலுப்பு. அந்த அலுப்பில் சந்தையைக் கண்டவர் டேவிட் ஃப்ளெக்சர் என்ற அமெரிக்கத் தியேட்டர் முதலாளி. முழுப் படத்தையும் ஒரே பெரிய சுருளில் சுற்றி, படுக்கை வாட்டில் ஓடுகிற 16 மி.மீ. புரொஜக்டரைச் செய்வித்தார். 1961 ஜூலை 19 அன்று நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன டி.டபிள்யூ.ஏ. விமானத்தில் லானா டர்னர் நடித்த 'பை லவ் பொசஸ்டு' ஓடியது. முதல் வகுப்புக்கு மட்டும். அமெரிக்காவுக்குள் 1978 வரை விமானக் கட்டணம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. டிக்கெட் விலையில் மோத முடியாத கம்பெனிகள் சாப்பாட்டிலும் படத்திலும் மோதிக்கொண்டன.

பிறகு படம் எகானமி வகுப்புக்கும் வந்தது. சும்மா கிடைக்குமா? திரை எல்லோருக்கும் பொது, ஆனால் பல விமானங்களில் ஹெட்போனுக்கு வாடகை. காசு கொடுக்காதவர் உதடுகள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கொட்டகையில் தரையும் பெஞ்சும் நாற்காலியும் பிரித்து வைத்தாலும் வசனம் எல்லார் காதிலும் ஒன்றாகத்தான் விழுந்தது. ஒலியையே வர்க்கமாகப் பிரித்தது ஆகாயம்தான். அந்த ஹெட்போனும் விசித்திரமானது: டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல உள்ளே வெறும் காற்றுக்குழாய், ஒலிபெருக்கியோ கைப்பிடிக்குள். வீட்டுக்கு எடுத்துப்போனால் ஒன்றுக்கும் உதவாது. படம் தொடங்கும்போது 'ஜன்னலை மூடுங்க' என்று பணிப்பெண் வருவார். சாப்பாடு, இருட்டு, படம், தூக்கம். பகலை இரவாக்கும் அதிகாரம் இவ்வளவு சாதுவாக வேறெங்கும் செயல்பட்டதில்லை.

1988இல் நார்த்வெஸ்ட் விமானங்களில் முன்சீட்டின் முதுகில் குட்டித் திரை முளைத்தது. சேர்ந்து சிரித்த கூட்டம் கலைந்தது, ஆளுக்கொரு படம். இதைச் சுதந்திரம் என்றார்கள். கத்தரியோ கம்பெனியின் கையில்தான். 'ரெயின் மேன்' படத்தில் நாயகன் விமான விபத்துகளை ஒப்பிக்கும் காட்சியைப் பல கம்பெனிகள் வெட்டின. விபத்தே காணாத கம்பெனி என்று படத்தில் பெயர் வாங்கிய குவாண்டாஸ் அப்படியே காட்டியது. 2019இல் டெல்டா விமானங்களில் ஓடிய 'ராக்கெட்மேன்', 'புக்ஸ்மார்ட்' படங்களில் தன்பாலின நெருக்கக் காட்சிகள் காணாமல்போயின. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே திரும்ப வந்தன.

இதற்குள் ஒரு மரணக் கணக்கும் இருக்கிறது. 1998 செப்டம்பர் 2 இரவு, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட ஸ்விஸ்ஏர் 111 கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கடலில் விழுந்தது. 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானத்தில் உயர் வகுப்பு இருக்கைகளுக்குப் புதிதாக ஒரு கேளிக்கை வலையமைப்பைப் பொருத்தியிருந்தார்கள். படம் மட்டுமல்ல, சூதாட்டமும் ஆடத்தக்கது. விமானியறையின் பின்பக்கக் கூரைக்கு மேலே தொடங்கிய தீயில் இந்த வலையமைப்பின் மின்கம்பியில் எழுந்த பொறிக்குப் பங்குண்டு என்று 2003இல் கனடிய விசாரணை அறிக்கை சொன்னது. பக்கத்திலிருந்த காப்புறை எளிதில் பற்றிக்கொள்ளும் ரகம். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: புகை வந்தால் பயணியர் பகுதியின் மின்சாரத்தைத் துண்டிக்க விமானியிடம் ஒரு சுவிட்சு உண்டு. கேளிக்கைக் கருவியின் இணைப்பு அதற்குக் கட்டுப்படாதபடி கொடுக்கப்பட்டிருந்தது. அணைக்க முடியாத பொழுதுபோக்கு. இதை உருவகமாக எழுதத் தோன்றுகிறது, ஆனால் இது வெறும் மின்னிணைப்பு வரைபடம்.

இன்று பெரிய கம்பெனிகளின் நீண்ட பயணங்களில் தமிழ்ப் படங்களும் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர் ஏறுகிற குறைந்த கட்டண விமானத்தில் சீட்டுக்குப் பின்னால் திரை கிடையாது. சுமார் நான்கு மணி நேரம். ஊரிலேயே செல்போனில் இறக்கி வைத்த படத்தை ஒருவர் போடுகிறார், ஹெட்போனின் ஒரு முனை பக்கத்து சீட்டுக்காரர் காதுக்குப் போகிறது, பின்வரிசை ஆள் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "என்ன படம்ணே?" என்கிறார்.