மினுக்குற மஞ்சள் லைட்டும் லாஸ் ஏஞ்சலஸ் புகையும்

இந்த எபிசோட் நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்துல ஆரம்பிக்குது.

அப்பாவோட பெட்ரோல் எஸ்யூவியை எடுத்துக்கிட்டு, அவரையும் கூட்டிக்கிட்டு சென்னையில இருந்து திருச்சிக்குக் கிளம்பினேன். மதுராந்தகம் தாண்டினதும் வண்டி உதற ஆரம்பிச்சது. மீட்டர்ல என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் விட்டு விட்டு மினுக்குச்சு. "ஓரமா நிறுத்துடா"ன்னார் அப்பா. நான்தான் இன்ஜினியர் ஆச்சே! "ஏதோ சென்சார் பிரச்னைப்பா, திருச்சி போய்ப் பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டு விழுப்புரம் வரைக்கும் ஓட்டினேன். அதுக்கு மேல வண்டி இழுக்கல.

அங்க ஒரு மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்குற 16 பின் சாக்கெட்டுல ஸ்கேனரைச் செருகினார். வந்த கோடு பி0302. ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர்னு அர்த்தம். பெட்ரோல் உள்ள போகுது, ஆனா சரியா எரியல. அவர் ரெண்டாவது சிலிண்டரோட இக்னிஷன் காயிலையும் மூணாவதோட காயிலையும் இடம் மாத்தினார். கோடை அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினா, இப்போ பி0303. காயில் போன இடத்துக்கே கோளாறும் கூடப் போயிடுச்சு. குற்றவாளி காயில்தான். ஆபீஸ்ல நாங்க பக் தேடுறதும் இப்படித்தான்: ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்திப் பார்ப்போம்.

புது காயில் போட்டதும் உதறல் நின்னுடுச்சு. இழுவை மட்டும் வரல. "லைட் மினுக்கினப்பவே நிறுத்தியிருந்தா காயிலோட போயிருக்கும் தம்பி. இப்போ கன்வெர்ட்டரும் உருகி அடைச்சிருக்கு"ன்னார். காயில் மாதிரி பல மடங்கு செலவு. அப்பா ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

இந்த லைட் நிலையா எரியறதுக்கு ஒரு அர்த்தம், மினுக்குறதுக்கு வேற அர்த்தம்னு யார் முடிவு பண்ணினது? தேடிப் போனா, கதை 1943 ஜூலைல லாஸ் ஏஞ்சலஸ்ல நிக்குது. உலகப் போர் நேரம். திடீர்னு நகரத்தை ஒரு புகை மூடுது. கண் எரியுது, தொண்டை கரகரங்குது. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டானோன்னு சிலர் பயந்தாங்க. அப்புறம் செயற்கை ரப்பருக்காக பியூட்டடையீன் தயாரிச்ச ஒரு ஆலை மேல பழி விழுந்தது. அதைத் தற்காலிகமா மூடியும் புகை போகல.

விடையைக் கண்டுபிடிச்சவர் கால்டெக்ல வேலை பார்த்த ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்துல பிறந்தவர், அன்னாசிப்பழத்தோட வாசனையை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தவர். கார்கள்ல இருந்தும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள்ல இருந்தும் வர்ற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில்ல வினைபுரிஞ்சு ஓசோனா மாறுதுன்னு 1950-களின் தொடக்கத்துல காட்டினார். ஹைட்ரோகார்பன்னா, பெரும்பாலும் எரியாத பெட்ரோல். கார் கம்பெனிகள் இதை லேசுல ஒத்துக்கல.

1970-ல அமெரிக்காவோட சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல் கார்கள்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலா வந்துடுச்சு. தேன்கூடு மாதிரி ஓட்டைகள் உள்ள பீங்கான், மேல பிளாட்டினம் மாதிரியான உலோகப் பூச்சு. மிச்சம் மீதி எரிபொருளை அது எரிச்சு முடிச்சுடும். பெட்ரோல்ல ஈயம் இருந்தா அந்தப் பூச்சு செத்துடும். அதனாலதான் 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானப்போ, ஈயமில்லா பெட்ரோலும் கூடவே வந்தது.

ஆனா அஞ்சு வருஷம் ஓடின கார்ல அது வேலை செய்யுதான்னு யார் பார்க்கறது? காரே பார்த்துச் சொல்லட்டும்னு கலிஃபோர்னியா 1988 மாடல்கள்ல இருந்து விதி போட்டது. 1996-ல அமெரிக்காவோட எல்லாப் புது கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவுல 2013-ல வந்தது.

மிஸ்ஃபயரை அது பிடிக்கிற விதம் அழகு. நாலு சிலிண்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடினா நொடிக்கு 100 தடவை எரியணும். ஒவ்வொரு தடவையும் கிராங்க் ஷாஃப்டுக்கு ஒரு தள்ளு. ஒண்ணு எரியலன்னா அந்த நொடித்துளியில ஷாஃப்ட் லேசா தயங்கும். பல்சக்கரத்துப் பற்களை எண்ணுற சென்சார் அந்தத் தயக்கத்தைப் பிடிச்சுடும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும், தேன்கூடே உருகும். அந்த அளவுக்கு மிஸ்ஃபயர் இருந்தா லைட் மினுக்கியே ஆகணும்னு விதியிலயே இருக்கு.

அதனால மக்களே: நிலையா எரிஞ்சா, சீக்கிரம் ஸ்கேன் பண்ணுங்க. மினுக்குனா, ஆக்சிலரேட்டரைக் குறைச்சு பாதுகாப்பா ஓரம் கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்க. பக்கத்து சீட்ல அப்பா ஏதாவது சொன்னா, அதையும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.