அணுகல் அனுமதிகளின் மரபுரிமை

படிநிலை அமைப்புள்ள மென்பொருளில், மேல்நிலையில் உள்ள ஒரு பொருளுக்குத் தரப்பட்ட அணுகல் அனுமதி அதன் கீழே உள்ளவற்றுக்கும் செல்லுபடியாவது அனுமதி மரபுரிமை எனப்படும். அந்த மேல்நிலைப் பொருள் ஒரு கோப்புறையாக இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் பயனர் விவரத் தொகுப்பில் உள்ள ஒரு பிரிவாகவோ, மேகக் கணிமைக் கணக்கில் உள்ள ஒரு திட்டமாகவோ இருக்கலாம். பல லட்சம் கோப்புகள் உள்ள சேமிப்பகத்தில் ஒவ்வொன்றுக்கும் யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று தனித்தனியே எழுதிவைக்க எந்த நிர்வாகியாலும் இயலாது. கணக்குப் பிரிவின் கோப்புறைக்கு ஒருமுறை எழுதினால், நாளை அதற்குள் வரப்போகும் கோப்புக்கும் அது பொருந்த வேண்டும்.

தேவை ஒன்றானாலும் அதை நிறைவேற்றும் வழிகள் மூன்று. கோப்பு உருவாகும் கணத்தில் மேலிருந்து அனுமதியை நகலெடுத்து, அத்துடன் உறவை முடித்துக்கொள்வது ஒரு வழி. மேலே மாற்றம் நிகழும்போதெல்லாம் கீழே உள்ள அனைத்தையும் திருத்தி எழுதுவது இன்னொன்று. கீழே எதையும் எழுதாமல், யாரேனும் கோப்பைத் திறக்க முயலும்போது மேலே ஏறிப் பார்த்துக் கணக்கிடுவது மூன்றாவது. உருவாகும்போதா, மாறும்போதா, அணுகும்போதா என்ற இந்தக் காலக் கேள்விக்கு ஓர் அமைப்பு தரும் விடை தெரிந்தால், அதன் விசித்திரங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

யூனிக்ஸ் மரபு

நகல் முறை பழமையானது. 1960களில் வடிவமைக்கப்பட்ட மல்டிக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு அடைவும் (கோப்புறைக்கு அங்கே வழங்கும் பெயர்), தன்னுள் புதிதாக உருவாகும் கோப்புகளுக்கான தொடக்க அனுமதிப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. மல்டிக்ஸைப் பார்த்து எளிமையாக்கி எழுதப்பட்ட யூனிக்ஸ் இந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

கண்டிப்பாகப் பார்த்தால் யூனிக்ஸில் அனுமதி மரபுரிமையே கிடையாது. உரிமையாளர், குழு, பிறர் என்ற மூன்று தரப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மும்மூன்று உரிமைகள். மொத்தம் ஒன்பது பிட்டுகள். புதிய கோப்பின் பிட்டுகளைத் தீர்மானிப்பது அது இருக்கும் அடைவு அல்ல, அதை உருவாக்கும் நிரல். நிரல் வழக்கமாக 666 (தரப்புக்கு ஓர் இலக்கம்; எல்லோருக்கும் படித்தல், எழுதுதல்) என்று கேட்கும்; நிரலோடு ஒட்டிவரும் யுமாஸ்க் என்ற மதிப்பு அதில் சில பிட்டுகளை அணைத்துவிடும். யுமாஸ்க் 022 என்றால் கோப்பு 644 என்ற அனுமதியோடு உருவாகும். 777 கேட்கும் அடைவுக்கு 755 கிடைக்கும். ஒரே அடைவில் இருவர் உருவாக்கும் கோப்புகள் வெவ்வேறு அனுமதியோடு கிடப்பது இதனால்தான்.

இருந்தும் மேல் அடைவைப் பூட்டினால் கீழே உள்ளவை எல்லாம் பூட்டப்படுகின்றன. அடைவின் மீதான இயக்குதல் பிட் அதைக் கடந்து செல்லும் உரிமையைத் தருகிறது. நான்கு நிலை கீழே உள்ள கோப்பைத் திறக்க, வேர் தொடங்கி வழியிலுள்ள ஒவ்வோர் அடைவிலும் அந்த உரிமை வேண்டும். இது மரபுரிமை போலத் தோற்றமளிக்கிறதே தவிர, பாதையின் மீதான தடை மட்டுமே. அதே கோப்புக்கு வேறோர் அடைவில் வன்பிணைப்பு எனப்படும் இன்னொரு பெயர் இருந்தால், அந்த வழியாக உள்ளே நுழைந்துவிடலாம். முன்பே கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலையும் இந்தத் தடை எட்டாது. கோப்பை நீக்குவதும் கோப்பின் அனுமதியைச் சார்ந்ததன்று, அதைக் கொண்டிருக்கும் அடைவில் எழுதும் உரிமையைச் சார்ந்தது. எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிக அடைவில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காதிருக்க, ஒட்டும் பிட் என்ற கூடுதல் பிட்டை வைத்து அந்த அடைவுக்கு 1777 என்ற அனுமதி தரப்படுகிறது.

குழுவாக வேலை செய்வோருக்கு இது போதவில்லை. அடைவின் மீது செட்ஜிஐடி பிட்டை வைத்தால், அதனுள் பிறக்கும் கோப்புகள் உருவாக்கியவரின் குழுவை விட்டு அடைவின் குழுவை ஏற்கும். துணை அடைவுகளுக்கு அந்தப் பிட்டும் சேர்ந்து இறங்கும். பிஎஸ்டி வகை யூனிக்ஸில் பிட் இல்லாமலே குழு இப்படித்தான் இறங்கும். ஆனால் இறங்குவது குழுவின் பெயர் மட்டுமே. குழுவுக்கு எழுதும் உரிமை வேண்டுமென்றால் யுமாஸ்க் 002 ஆக இருக்க வேண்டும். அப்படி வைத்தால், எல்லோரும் ஒரே முதன்மைக் குழுவில் இருக்கும் கணினியில் ஒருவரது சொந்தக் கோப்பை மற்றவரும் திருத்த முடியும். ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஓர் ஆள் குழு ஒன்றை உருவாக்குவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான்.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் 1003.1இ என்ற தரநிலை வரைவு, அடைவுகளுக்கு இயல்புநிலை அனுமதிப் பட்டியல் என்ற ஒன்றைச் சேர்த்தது. அதன் உறுப்புகள் புதிய கோப்புக்கு நகலாகும். புதிய துணை அடைவு இயல்புநிலைப் பட்டியலையும் சேர்த்துப் பெறும். பட்டியல் இருக்கும் இடத்தில் யுமாஸ்க் செயல்படாது. 1998-இல் அந்த வரைவு கைவிடப்பட்டு, தரநிலையாகாமலே போனது. ஆனாலும் லினக்ஸ் உள்ளிட்ட பல இயங்குதளங்கள் அதைப் பின்பற்றுகின்றன. இதுவும் நகல் முறையே. இயல்புநிலைப் பட்டியலை இன்று மாற்றினால், நேற்று உருவான கோப்புகள் அப்படியே இருக்கும்.

விண்டோஸ்: நகலிலிருந்து பரப்புதலுக்கு

1993-இல் வந்த விண்டோஸ் என்டி 3.1, தன் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அணுகல் பட்டியலை வைத்தது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு பயனரையோ குழுவையோ சுட்டி, இன்னின்ன செயல்களை அனுமதிக்கும் அல்லது மறுக்கும். தொடக்கத்தில் இங்கும் நகல்தான். நிர்வாகி மேல் கோப்புறையின் பட்டியலை மாற்றி, அதைக் கீழேயும் செலுத்தச் சொன்னால், துணைக் கோப்புறைகளில் கைப்பட எழுதியிருந்த விதிவிலக்குகள் எல்லாம் அழிந்துபோகும். எந்த வரி மேலிருந்து வந்தது, எது அங்கேயே எழுதப்பட்டது என்ற அடையாளம் பட்டியலில் இல்லாததே காரணம்.

2000-இல் வெளியான விண்டோஸ் 2000 அந்த அடையாளத்தைச் சேர்த்தது. சிறிய மாற்றம்தான், ஆனால் மரபுரிமை உண்மையில் பயன்படத் தொடங்கியது அதன் பிறகே. மேலே பட்டியல் மாறினால் கீழே உள்ள ஒவ்வொரு பொருளிலும் மரபுவழி வரிகள் மட்டும் நீக்கப்பட்டுப் புதியவை எழுதப்படும்; நேரடி வரிகள் தொடப்படா. ஒவ்வொரு வரியிலும் அது எங்கே இறங்க வேண்டும் என்ற குறிகள் உண்டு: கோப்புகளுக்கு, துணைக் கோப்புறைகளுக்கு, ஒரு நிலை மட்டும், அல்லது தான் இருக்கும் கோப்புறையில் செல்லாமல் கீழே மட்டும். கடைசிக் குறி, உருவாக்கிய உரிமையாளர் என்ற மாற்றுப்பெயரோடு சேரும்போது பயனுள்ளதாகிறது. அந்தப் பெயருக்கு முழு உரிமை தரும் வரி கீழே இறங்கும்போது, கோப்பை உருவாக்கியவரின் உண்மையான அடையாளமாக மாறிவிடும். பொதுக் கோப்புறையில் அவரவர் கோப்பு அவரவர் கையில் இருக்க இதுவே வழி.

ஒரு பொருளில் நேரடி வரிகளும் மரபுவழி வரிகளும் முரண்பட்டால் வரிசையே தீர்ப்பு வழங்கும். முதலில் நேரடி மறுப்பு, அடுத்து நேரடி அனுமதி, பிறகு மரபுவழி மறுப்பு, கடைசியில் மரபுவழி அனுமதி. மரபுவழி வரிகளுக்குள் தாய்க் கோப்புறையிலிருந்து வந்தவை முன்னும், அதற்கு மேலிருந்து வந்தவை பின்னும் நிற்கும். கேட்ட உரிமைகள் அனைத்தும் கிடைத்தவுடனோ, அவற்றில் ஒன்று மறுக்கப்பட்டவுடனோ இயங்குதளம் படிப்பதை நிறுத்திவிடும். ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மேலே எழுதிய மறுப்பு, கீழே ஒரு கோப்பில் அவர்களுக்கு நேரடியாகத் தரப்பட்ட அனுமதிக்கு முன் தோற்றுவிடும். மறுப்பே எப்போதும் வெல்லும் என்று பரவலாகச் சொல்லப்படுவது ஒரே மட்டத்துக்குள் மட்டும் உண்மை.

பரப்புதலைச் செய்வது இயங்குதளத்தின் கரு அல்ல. அனுமதியை மாற்றும் நிரல் அழைக்கும் நூலகச் செயற்கூறு. எனவே பெரிய மரத்தில் பாதி வழியில் நிரல் நின்றுபோனாலோ, ஒரு துணைக் கோப்புறையில் நிர்வாகிக்கே உரிமை இல்லாமல் போனாலோ, மேல் பாதி புதிய விதியிலும் கீழ் பாதி பழைய விதியிலும் கிடக்கும்.

கோப்பை இடம் மாற்றும்போது இன்னொரு முரண் தலைகாட்டுகிறது. நகலெடுத்தால் புதிய கோப்பு உருவாகிறது, ஆகவே சேரும் இடத்தின் அனுமதி வரும். ஒரே வட்டுப் பகுதிக்குள் நகர்த்துவதோ பெயர்மாற்றம் மட்டுமே. கோப்பு தன் பழைய பட்டியலைச் சுமந்துகொண்டே போகும். அதிலுள்ள மரபுவழி வரிகள், இப்போது தாயாக இல்லாத ஒரு கோப்புறையின் நினைவுகளாக, அடுத்த பரப்புதல் வரும் வரை செல்லுபடியாகும். வேறு வட்டுப் பகுதிக்கு நகர்த்தினால் அது நகலெடுத்து அழிப்பதற்குச் சமம்.

யூனிக்ஸோடு இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. விண்டோஸில் பாதைச் சோதனையைத் தாண்டிச் செல்லும் சிறப்புரிமை இயல்பாகவே எல்லோருக்கும் தரப்பட்டுள்ளது. மேல் கோப்புறை மூடியிருந்தாலும், கோப்பின் பட்டியல் இடம் கொடுத்தால், முழுப் பாதை தெரிந்தவர் திறந்துவிடலாம். யூனிக்ஸில் பழகியவர் விண்டோஸில் மேல் கோப்புறையை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து.

மரபுரிமையைத் துண்டித்தல்

ஊதிய விவரம் போன்றவை மேலிருந்து வரும் பொது அனுமதியை ஏற்கக் கூடாது. விண்டோஸில் ஒரு பொருளைப் பாதுகாக்கப்பட்டது என்று குறித்தால் மரபு அங்கே நின்றுவிடும். அப்போது பயனரிடம் ஒரு கேள்வி வைக்கப்படும்: இதுவரை வந்த வரிகளை நேரடி வரிகளாக மாற்றிவைப்பதா, முற்றிலும் நீக்குவதா? முதலாவது பாதுகாப்பாகத் தோன்றினாலும், மேலே பின்னர் ஒருவரின் உரிமை பறிக்கப்படும்போது இங்கே அது அப்படியே தங்கிவிடும். துண்டிப்புகளால் வரும் தொல்லையில் பெரும்பகுதி இவ்வகை எச்சங்களே.

விண்டோஸ் வலையமைப்புகளின் பயனர் விவரத் தொகுப்பான ஆக்டிவ் டைரக்டரி சில துண்டிப்புகளைத் தானாகவே செய்கிறது. டொமைன் நிர்வாகிகள் போன்ற உயர்குழுக்களின் உறுப்பினர் கணக்குகளில் மரபுரிமை நிறுத்தப்பட்டு, அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற பொருளின் பட்டியல் அவற்றின் மேல் படியெடுக்கப்படும். இயல்பு அமைப்பில் இது 60 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஒரு கிளைப் பிரிவின் மீது கடவுச்சொல் மாற்றும் உரிமை பெற்ற உதவி மைய ஊழியர், அந்தப் பிரிவில் உள்ள உயர்நிர்வாகியின் கடவுச்சொல்லை மாற்றிவிடாதபடி காப்பது இந்த ஏற்பாடு. ஷேர்பாயின்ட் மென்பொருளில் துண்டிப்புக்கு எண்ணிக்கை வரம்பே உண்டு: ஆவணங்களோ பதிவுகளோ கொண்ட ஒரு பட்டியலுக்கு 50,000 தனி அனுமதிகள், பரிந்துரைக்கப்படுவது 5,000.

அணுகும்போது கணக்கிடுதல்

1980களிலும் 1990களிலும் அலுவலக வலையமைப்புகளில் பரவலாக இருந்த நோவெல் நெட்வேர் மூன்றாம் வழியில் சென்றது. ஓர் அடைவில் ஒருவருக்குத் தந்த உரிமை, கீழே எங்கும் எழுதப்படாமலே கீழ்நோக்கிச் செல்லும். வழியில் உள்ள அடைவு, மரபுரிமை வடிகட்டி மூலம் எழுதுதல், நீக்குதல் போன்ற உரிமைகளைத் தடுத்து நிறுத்தலாம். கீழே அதே நபருக்குப் புதிதாக உரிமை எழுதினால் மேலிருந்து வருவதை அது முழுதாக மாற்றீடு செய்யும். மேற்பார்வையாளர் உரிமையை மட்டும் கோப்பு அடைவுகளில் எந்த வடிகட்டியாலும் தடுக்க முடியாது. மேலே செய்த மாற்றம் எவ்வளவு பெரிய மரத்திலும் அக்கணமே செல்லுபடியாகும் என்பது இம்முறையின் பலம்.

இன்றைய மேகக் கணிமைச் சேவைகளும் இந்த வழியையே தழுவுகின்றன. கூகுள் கிளவுடில் நிறுவனம், கோப்புறை, திட்டம், வளம் என்ற படிகளில் எழுதப்பட்ட அனுமதிகள் ஒன்றோடொன்று கூட்டப்படும். மேலே தந்ததைக் கீழே அனுமதி எழுதிக் குறைக்க முடியாது; அதற்கென மறுப்புக் கொள்கை என்ற தனி வகை பின்னர் சேர்க்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் அசூரில் மேலாண்மைக் குழு, சந்தா, வளக் குழு, வளம் என்று இறங்கும் அனுமதிகளும் கூட்டல் வகையே. அமேசான் சேவையில் நிறுவன மட்டத்தில் எழுதப்படும் கட்டுப்பாட்டுக் கொள்கைகள் இதற்கு நேர்மாறு. அவை தாமாக எந்த உரிமையும் தருவதில்லை. கீழே உள்ள கணக்கு ஆகக்கூடி எதுவரை போகலாம் என்ற எல்லையை மட்டும் வகுக்கின்றன. ஒவ்வொரு படியிலும் அந்த எல்லை குறுகலாம், விரிய முடியாது.

அணுகும்போது கணக்கிடும் முறை, ஒவ்வொரு பொருளுக்கும் தாய் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் எளிதாக இருக்கிறது. கூகுள் டிரைவில் ஒரு கோப்பு பல கோப்புறைகளில் இருக்கலாம் என்ற ஏற்பாடு நீண்ட காலம் இருந்தது; அப்போது எல்லாத் தாய்களிடமிருந்தும் அனுமதி சேரும், ஒன்றில் பறித்தாலும் இன்னொன்றின் வழியே நுழைவு தொடரும். 2020-இல் அது ஒற்றைத் தாயாகச் சுருக்கப்பட்டு, மற்ற இடங்களில் குறுக்குவழிகள் வைக்கப்பட்டன.

வேகமும் ஒரு சிக்கல். கூகுளின் பல சேவைகளுக்கு அனுமதி சோதிக்கும் ஜான்ஜிபார் என்ற அமைப்பு பற்றி 2019-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, லட்சம் கோடிக் கணக்கான அனுமதிப் பதிவுகளையும் நொடிக்குப் பல பத்து லட்சம் கேள்விகளையும் அது கையாள்வதாகக் கூறுகிறது. அங்கே ஆவணத்துக்கும் கோப்புறைக்கும் உள்ள உறவும் ஒரு பதிவே. கோப்புறையைப் பார்க்கக்கூடியவர் ஆவணத்தையும் பார்க்கலாம் என்ற விதி சோதனையின்போது அந்த உறவைப் பிடித்து மேலே ஏறுகிறது. பதிவுகள் உலகெங்கும் உள்ள தரவு மையங்களில் படியெடுத்து வைக்கப்பட்டிருப்பதால் சில படிகள் சற்றுப் பழையவையாக இருக்கும். ஒருவரைக் கோப்புறையிலிருந்து நீக்கிய பின் அதில் புதிய ஆவணம் ஒன்று வைக்கப்பட்டால், பழைய படியைப் பார்க்கும் சேவையகம் நீக்கப்பட்டவருக்கும் புதிய ஆவணத்தைக் காட்டிவிடக்கூடும். இதைத் தடுக்க, ஆவணம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு நேரச்சீட்டு பெறப்பட்டு ஆவணத்தோடு சேமிக்கப்படுகிறது. பின்னர் நடக்கும் சோதனை, அந்தச் சீட்டில் உள்ள நேரத்துக்கு முந்தைய அனுமதிப் பதிவுகளை வைத்து விடை சொல்லாது.