யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆய்வு, தொழில், உயர்கல்வி: அரச முதலீட்டின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கல்விக்கான பெரிய முதலீட்டை முதலில் செய்தது அரசாங்கம் அல்ல. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அதே மிஷனின் மருத்துவர் சாமுவேல் கிறீன் பின்னர் அதைத் தமிழிலேயே நடத்தினார். மிஷன் பள்ளிகளுக்குப் போட்டியாகச் சைவப் பள்ளிகள் எழுந்தன. குடியேற்ற அரசின் பங்கு பெரும்பாலும் இப்பள்ளிகளுக்கு உதவி நன்கொடை கொடுப்பதோடு நின்றது. ஊரில் தகுந்த தொழில் இல்லாததால், படித்தவர்கள் எழுதுவினைஞர்களாகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் முதலில் வந்தது தொழிற்சாலை. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் அடிநிலமான சுண்ணக்கல்லே அதன் மூலப்பொருள். நாட்டின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை வடக்கில் அமைந்ததற்கு அந்தக் கல்லும் துறைமுகத்தின் அண்மையும் காரணங்கள்.

1970களில் மிகப் பெரிய பொருளாதாரப் பலனைத் தந்தது ஆய்வுகூடம் எதுவும் அல்ல, இறக்குமதிக் கட்டுப்பாடு. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது தடைப்பட்டதும் விலை ஏறியது. செம்பாட்டு மண்ணில் கிணற்று நீரை இறைத்துப் பயிர்செய்த கமக்காரர் அதுவரை காணாத வருமானம் கண்டனர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது அந்தப் பாதுகாப்பு போயிற்று. அக்காலச் செறிவான பயிர்ச்செய்கையும் உர இடுகையும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டின என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மழையன்றி வேறு நன்னீர் ஊற்றில்லாத சுண்ணக்கல் நிலத்தில் இது சிறிய செலவல்ல.

இதே பத்தாண்டில் உயர்கல்வியிலும் அரசு முதலிட்டது, அதுவும் முரண்பாட்டோடு. பல்கலைக்கழக அனுமதிக்கு 1971இல் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் முறை, அறிவியல் பீடங்களில் யாழ்ப்பாண மாணவரின் இடங்களைக் குறைத்தது. 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது; பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். திருநெல்வேலியில் சேர். பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலேயே அது இயங்கத் தொடங்கியது. 1978இல் மருத்துவ பீடம் சேர்ந்தது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

குடாநாட்டின் சொந்த வளத்தை நேரடியாகத் தொட்ட முயற்சி 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை. பனையின் எல்லாப் பாகங்களுக்கும் பயன் இருந்தும், கள் இறக்குதல் வருமானம் குறைந்த, சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் தொழிலாகவே இருந்தது. பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, தும்பு, ஓலைக் கைப்பணி ஆகியவற்றைச் சந்தைப்படுத்தவும் பயிற்சி தரவும் சபை முனைந்தது. பனை ஆராய்ச்சிக்கெனக் கைதடியில் நிறுவனம் ஒன்றும் உருவாயிற்று. பனங்களியின் கசப்புக்குக் காரணமான சப்போனின்கள், பதநீர் புளிக்காமல் காக்கும் முறைகள் போன்றவை இலங்கை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தவை. அறிவு சேர்ந்த அளவுக்குப் பெருந்தொழில் வளரவில்லை.

இன மோதலும் அதைத் தொடர்ந்த போரும் இவற்றை முறித்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதில் அரிய ஓலைச்சுவடிகளும் சுமார் 97,000 நூல்களும் அழிந்தன. 1990இல் சீமெந்துத் தொழிற்சாலை நின்றுபோயிற்று. பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அதே ஆண்டில் கிளிநொச்சியில் தொடங்கியது; பின்னர் அது இடம்பெயர நேர்ந்தது.

2009இல் போர் முடிந்த பின் பணம் மீண்டும் வந்தது. ஆனால் அதில் வெளிநாட்டு உதவி கணிசமாக இருந்தது. அச்சுவேலித் தொழிற்பேட்டை இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டது. பொறியியல் பீடம் குடாநாட்டுக்கு வெளியே, கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தது. ஜேர்மனிய உதவியுடனான தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேதான். புத்தாக்க முயற்சிகளில் யாழ் ஐ.டி. ஹப் போன்ற தன்னார்வ அமைப்புகள் முன்னின்றன. நாடு முழுவதற்குமான ஆய்வுச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதமே. தென் கொரியா 4 வீதத்துக்கு மேல் செலவிடுகிறது.