சக்கரம் தொடும் இடம்

காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டை ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தபோது ஸ்டேஷன் பலகையிலும் அந்தப் பெயரே ஏறியது.

அந்த பிளாட்பாரத்தில் நிற்கும்போதெல்லாம் தாத்தா ஞாபகம் வரும். அவர் கீமேன். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தண்டவாளத்தோடு நடந்தவர். சக்கரம் ஓடி ஓடித் தண்டவாளத்தின் தலையில் பளபளவென்று ஒரு கோடு விழும். "அந்தக் கோடு நெளிஞ்சா லைன்ல ஏதோ கோளாறுடா" என்பார். ஒருமுறை அவர் பார்க்கும் தூரத்தில் தண்டவாளம் விரிசல் விட்டது. சரியாகப் பார்க்கவில்லை என்று மெமோ கொடுத்தார்கள்.

அந்தக் கோடு சக்கரம் தொட்ட தடம். ஒரு நேரத்தில் தொடுவது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர், விரல் நகம் அளவு. அதன் மேல் பல டன் பாரம். இரும்பு அந்த இடத்தில் ரப்பர் பந்து மாதிரி அமுங்கி, சக்கரம் நகர்ந்ததும் நிமிர்கிறது. எவ்வளவு அமுங்கும்?

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் கிளம்பியபோது இதைக் கணக்கிட யாருக்கும் தெரியாது. கணக்கிடப் போகிற ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் பிறந்ததே அடுத்த பிப்ரவரியில்தான். ஒன்றோடொன்று அழுத்திய கண்ணாடி வில்லைகளை யோசித்துக்கொண்டிருந்தவர், 23 வயதில் விடை கண்டுபிடித்தார். 1882இல் அச்சில் வந்தது. பாரம் எட்டு மடங்கானால் தொடும் பரப்பு நாலு மடங்கு, அழுத்தம் ரெண்டே மடங்கு. நம்ம பிரசிடென்சி காலேஜில் படித்த சி.வி. ராமனும் குண்டுகள் மோதுவதை ஆராய்ந்து, 1920இல் ஹெர்ட்ஸின் கோட்பாட்டை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்.

ஹெர்ட்ஸின் கணக்கில் உராய்வு கிடையாது, வடிவங்களும் ஒழுங்கானவை. தேய்ந்த சக்கரம் தேய்ந்த தண்டவாளத்தில் உருளும்போது அது போதாது. எங்கே தொடுகிறது என்று தெரிந்தால்தான் அழுத்தம் தெரியும். அழுத்தம் தெரிந்தால்தான் எங்கே தொடுகிறது என்று தெரியும். கோழியா முட்டையா கதைதான். எனவே பரப்பைக் குட்டிக் கட்டங்களாக வெட்டி, தொடும் கட்டங்கள் இவை என்று முதலில் ஊகிப்பார்கள். கணக்குப் போட்டதும் ஏதாவது கட்டத்தில் இழுவிசை வந்தால் அதை நீக்குவார்கள், ஏனென்றால் வெறும் இரும்பு இரும்பை ஒட்டி இழுக்காது. வெளியே ஏதாவது கட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் அதைச் சேர்ப்பார்கள். ரெண்டும் நிற்கும்வரை திரும்பத் திரும்ப.

டெல்ஃப்ட் நகரத்தின் யோஸ்ட் கால்க்கர் 1967இல் உருளும் தொடுகையைப் பற்றி முனைவர் ஆய்வேடு எழுதினார். 1982இல் ஃபாஸ்ட்சிம் என்ற வேகமான முறையை வெளியிட்டார். தொடும் பரப்பை நீளத் துண்டுகளாக்கி, முன்விளிம்பிலிருந்து பின்னால் போய்க்கொண்டே, எந்தப் புள்ளியில் உராய்வின் எல்லை தாண்டிச் சறுக்கல் தொடங்குகிறது என்று பார்க்கும். துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். ஓடும் ரயிலைக் கம்ப்யூட்டரில் ஓட்ட இந்தக் கணக்கை ஆயிரக்கணக்கான தடவை போடணும், வேறு வழியில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

ஹெர்ட்ஸிடமே திரும்புகிறேன். அவர் கணக்கிலிருந்து கிடைப்பது இது: உராய்வு குறைவாக இருந்தால், இரும்பை அறுக்கப் பார்க்கும் விசை அதிகமாக இருப்பது மேற்பரப்பில் அல்ல, சில மில்லிமீட்டர் அடியில். விரிசல் அங்கேயும் பிறக்கலாம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. இன்றைக்கு அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தேடுகிறார்கள்.

இதை நான் படித்தபோது தாத்தா இல்லை. அன்றைக்குக் காலையில் கோடு நேராத்தான் இருந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இருந்திருக்கும்.