சைரன் அடிச்சது, ஆனா யாரும் கிளம்பலை

1/ 2023-ல ஒருநாள் உங்க செல்போன் திடீர்னு அலறினது ஞாபகம் இருக்கா? அரசு நடத்தின பேரிடர் எச்சரிக்கை சோதனை அது. கண்டுக்க வேண்டாம்னு அதிலேயே போட்டிருந்தாங்க. நாமும் கண்டுக்கலை. நிஜமாவே ஒருநாள் அலறினா என்ன செய்வோம்? பதில் ஹவாய் தீவுகளோட வரலாற்றில் இருக்கு. த்ரெட் 👇

2/ 1946 ஏப்ரல் 1. அலாஸ்கா பக்கம் அலூஷியன் தீவுகளில் பெரிய நிலநடுக்கம். சுமார் 5 மணி நேரம் கழித்து சுனாமி ஹவாய்க்கு வந்தது. அவ்வளவு நேரம் இருந்தும் மக்களை எச்சரிக்க எந்த அமைப்பும் இல்லை. ஏப்ரல் முட்டாள் தினம் வேற. "அலை வருது"ன்னு கத்தினவங்களைப் பார்த்து விளையாட்டுன்னு நினைச்சவங்களும் உண்டு. இறந்தவர்கள் 159 பேர். அதிகம் பலியானது ஹிலோ என்ற ஊரில்.

3/ பாடம் படிச்சாங்க. 1949-ல் ஹவாயிலேயே சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. கரையோரம் சைரன்களும் இருந்தன. இனி பிரச்சனை இல்லைன்னுதான் யாருக்கும் தோணும், இல்லையா?

4/ 1960 மே 22. சிலி நாட்டில் 9.5 அளவு நிலநடுக்கம். இதுவரை பதிவானதிலேயே பெரியது. அலை ஹவாய் வந்து சேர 15 மணி நேரம். மையம் சரியா கணிச்சது. ஹிலோவில் இரவு எட்டரை மணி வாக்கில் சைரன் அடிச்சது. பேரலை தாக்கினது நள்ளிரவு தாண்டி 1.04-க்கு. நாலரை மணி நேரம் கையில் இருந்தும் 61 பேர் இறந்தார்கள்.

5/ சைரன் கேட்கலையா? ஆய்வாளர்கள் பிழைச்சவங்ககிட்ட போய் விசாரிச்சாங்க. ஏறக்குறைய எல்லாருக்கும் கேட்டிருக்கு. வெளியேறினது சுமார் மூணில் ஒரு பங்கு பேர்தான்!

6/ காரணம்? பழைய முறையில் முதல் சைரன்னா "தயாரா இருங்க", அடுத்த சைரன்னா "கிளம்புங்க". அதை மாத்தி ஒரே சைரன் ஆக்கியிருந்தாங்க. அது மக்கள் மனசில் பதியலை. பலர் அடுத்த சைரனுக்காக வீட்லயே காத்திருந்தாங்க. முதலில் வந்த அலைகள் சின்னது, அவ்வளவுதான்னு நினைச்சாங்க. வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போனவங்களும் உண்டு.

7/ ஒரு டாக்டரா எனக்கு இது புதுசில்ல. வார்டில் மானிட்டர் நாள் முழுக்க கத்தும். பாதி நேரம் விரல்ல மாட்டின கிளிப் நழுவியிருக்கும், அவ்வளவுதான். போகப்போக நம்ம காது அதைக் கேட்காது. ஆபத்தே அங்கதான்.

8/ 2018 ஜனவரி 13. ஏவுகணை வருதுன்னு ஹவாய் மக்களோட போன்களில் செய்தி. தவறா போன செய்தி அது. "தவறு"ன்னு அடுத்த செய்தி வர 38 நிமிஷம் ஆச்சு.

9/ 2023 ஆகஸ்ட் 8. அதே ஹவாயில், லஹைனா ஊரைக் காட்டுத்தீ விழுங்கியது. 100-க்கும் மேற்பட்டோர் பலி. சைரன் அடிக்கவே இல்லை. பொறுப்பில் இருந்த அதிகாரி சொன்ன காரணம்: சைரன்னா சுனாமின்னு நினைச்சு மக்கள் மலைப்பக்கம் ஓடுவாங்க, தீ அங்கிருந்துதான் வருது. அடிச்சிருக்கணும்னு கடும் விமர்சனம் எழுந்தது. அவர் பதவி விலகினார்.

10/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 நமக்கு 1946 மாதிரி. அலை சுமத்ராவிலிருந்து வர 2 மணி நேரத்துக்கு மேல ஆச்சு, சொல்ல அமைப்பில்லை. 2007-ல் ஹைதராபாத்தில் மையம் வந்தது. ஹவாய் 1949-ல் செய்ததை நாமும் செஞ்சுட்டோம். 1960-ன் பாடம்தான் பாக்கி.

11/ சத்தம் வந்தா எங்கே போகணும், எந்த வழியா, வீட்டில் நடக்க முடியாத பெரியவங்களை யார் தூக்குறது? கடலோரத்தில் இருக்கிறவங்க இதை இன்னைக்கே பேசி முடிவு பண்ணுங்க. நிலம் பலமா, ரொம்ப நேரம் குலுங்கினா அதுவே சைரன்; மேட்டுக்குப் போயிடுங்க. முதல் அலை போயிடுச்சேன்னு திரும்பி வராதீங்க.

12/ ஹிலோவில் ஒரு பழைய கடிகாரத்தை நினைவுச்சின்னமா அப்படியே வச்சிருக்காங்க. அதில் மணி இன்னும் 1.04. 🙏